பேசக்கூடாத ஒரு மணி நேரம்

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் தொழிற்சாலை கேன்டீன் பக்கத்தில் எக்ஸ்ரே வேன் வந்து நிற்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். நான் மட்டும் வருஷா வருஷம் அந்த வேன்காரரிடம் எத்தனை கே.வி. மின்னழுத்தம் வைக்கிறீர்கள், ஃபிலிமுக்கும் ஆளுக்கும் எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டுத்தான் மூச்சை இழுத்துப் பிடிப்பேன். என் வேலை அப்படி. ஓசூர் சிப்காட்டில் கார் கம்பெனிகளுக்கு அலுமினிய காஸ்டிங் செய்யும் ஆலையில், அந்தக் காஸ்டிங்குகளை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' போடுவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. அந்தத் திமிரில், உலகத்தில் எந்தப் பொருளின் நிழலைக் காட்டினாலும் நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் என் நிழலையே காட்டினார்கள்.

பர்சனல் ஆபீசில் கூப்பிட்டு ஃபிலிமைக் கையில் கொடுத்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் மேலே, பட்டாணி அளவில் ஒரு வெள்ளை. "இது ஃபிலிம்ல பட்ட கறை. வேற ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க" என்றேன். எங்கள் தொழிலில் முதல் சந்தேகம் எப்போதும் ஃபிலிம் மேல்தான். வேறு ஒன்று எடுத்தார்கள். கறை அதே இடத்தில் இருந்தது.

எக்ஸ்ரேயின் குணம் எனக்குத் தெரியும். ஏதோ இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு ஆழத்தில், என்ன ரகம் என்று கேட்டால் முழிக்கும். காஸ்டிங்கில் அப்படிச் சந்தேகம் வந்தால் அல்ட்ராசோனிக் கருவியை வைத்துப் பார்ப்போம். அது ஆழத்தைச் சொல்லும், ஆனால் உருவம் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தனித்தனியாக இரண்டுமே பொய்க்காரர்கள். இதைப் புதிதாகச் சேரும் டிரெயினிகளுக்கு வகுப்பெடுத்து எடுத்து வாய் பழகிப் போயிருந்தது.

ஓசூரிலேயே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். பிறகு பெங்களூரில் ஊசி வைத்து அந்தப் பட்டாணியிலிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் செல் என்று வந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பதினெட்டு வருஷமாக நான் சிகரெட் ஊதித் தள்ளியதற்கு இப்படி ஒரு பதில். அன்றோடு விட்டேன். விட்ட உடனே இருமல் வந்தது, அது தனிக்கதை.

பெங்களூர் சர்ஜன் நல்ல மனுஷர். தமிழ் தெரியும், சுற்றி வளைக்கத் தெரியாது.

"இது ஒரே இடத்துல இருந்தா வெட்டி எடுத்துடலாம். நல்லா இருப்பீங்க. வேற எங்கேயாவது போய் உக்காந்திருந்தா, கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்ல. அப்ப வழி வேற."

வேறு வழி எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"ஒரே எடமான்னு எப்பிடி சார் கண்டுபுடிப்பீங்க?" என்றாள் என் மனைவி. கிருஷ்ணகிரிக்காரி. விஷயம் என்றால் நேராக விஷயம்.

பெட்-சி.டி. என்று ஒரு ஸ்கேன் வந்திருக்கிறது என்றார் அவர். இரண்டு ஸ்கேன் சேர்ந்த ஒரே மெஷின். சி.டி. உடம்பின் அமைப்பைக் காட்டும். மற்றது, கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் போட்டு, எந்த இடம் அதை அதிகமாகத் தின்கிறது என்று காட்டும். கேன்சருக்குப் பசி அதிகம். அது தின்கிற இடம் பளிச்சென்று தெரியும். இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எங்கே, என்ன என்று இரண்டும் தெரிந்துவிடும்.

மனைவி இரண்டு விரலை நீட்டினாள். "ஒண்ணு ஊரு மேப்பு. இன்னொண்ணு எந்த வூட்ல லைட்டு எரியுதுன்னு காட்டும். அதானுங்க சார்?"

சர்ஜன் என்னைப் பார்த்தார். "இவங்க எங்க வேலை பாக்கறாங்க?"

"எனக்கு மேல சார்" என்றேன்.

தொழிற்சாலையில் சந்தேகப் பொருளுக்கு மஞ்சள் டேக் கட்டி 'ஹோல்ட்' ஏரியாவில் வைப்போம். அந்த வாரம் என் நாற்காலியில் யாரோ மஞ்சள் டேக் கட்டிவிட்டார்கள். யாரென்று கேட்டால் ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மெஷின் ஷாப் போர்மேன் தோளில் கை போட்டு, "யோவ், டிசிஷன் வர்ற வரைக்கும் உன்ன யாரும் டிஸ்பாட்ச் பண்ண முடியாதுய்யா" என்றான். எனக்கு அது ரொம்ப ஆறுதலாக இருந்தது. எங்கள் ஊர் ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

ஸ்கேனுக்கு ஏகப்பட்ட கட்டளைகள். காலையிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் கூடாது. முதல் நாளிலிருந்து ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. வேலை செய்கிற சதை சர்க்கரையைத் தின்றுவிடுமாம், படம் கெட்டுப் போகுமாம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஓசூரிலிருந்து பெங்களூர் போவதே ஒரு உடற்பயிற்சி. பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் கால் சதை எரியும் என்று மனைவிக்குப் பயம். ஏறியவுடன் முன் சீட்டில் இருந்த ஒரு வாலிபனை எழுப்பிவிட்டாள்.

"பேஷண்டுப்பா, எடம் குடு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். எண்பத்தி நாலு கிலோ, மீசை, இன் பண்ணிய சட்டை. "யாருக்கா பேஷண்ட்?" என்று என் பின்னால் தேடினான். நான் கொஞ்சம் தலையைத் தொங்கப் போட்டுக் காட்டினேன். எழுந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்குக் கனமான கதவு. ஊசியே ஒரு உலோகக் குழாய்க்குள் இருந்தது. போட்டு முடித்ததும் நர்ஸம்மா என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்து வரைக்கும் கம்பளியைப் போர்த்தி, ஒரு மணி நேரம் அசையக்கூடாது, படிக்கக்கூடாது, போன் கூடாது, பேசக்கூடாது என்றார்.

வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "சிஸ்டர், மத்ததெல்லாம் இருந்துருவாரு. கடைசியா சொன்னீங்களே, அதுதான் கஷ்டம்."

கதிர்வீச்சு என்பதால் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். போகும்போது கதவின் சின்னக் கண்ணாடி வழியாக வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் தொழிற்சாலையில் 'ஒய்-ஒய்' என்று ஒரு முறை உண்டு. ஒரு தப்பு நடந்தால் ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அதற்கு ஏன். அதற்கும் ஏன். ஐந்து ஏன் கேட்டால் அடிமட்டக் காரணம் வரும். ஒரு விதியை அடிமட்டக் காரணம் தெரியாமல் கடைப்பிடிக்க என்னால் முடியாது. நர்ஸம்மாவிடம் கேட்டேன். ஏன் பேசக்கூடாது? தொண்டைச் சதை வேலை செய்யும். செய்தால் ஏன் தப்பு? சர்க்கரை அங்கே போகும். போனால் ஏன்? அங்கே பளிச்சென்று தெரியும். அப்புறம் ஏன்? "அங்கிள், இப்பவே பேசிட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மூன்று ஏன் தேறியிருந்தது. எனக்கு அது போதும்.

பக்கத்தில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி. பாதி விலகிய திரை வழியாக ஒரு முகம் தெரிந்தது. ஐம்பது வயசிருக்கும். ஓசூருக்குப் பக்கத்துத் தளிக்காரர், தோட்டத்தில் முட்டைக்கோஸ் போடுகிறவர். கழுத்தில் கட்டி வந்து, மருந்து ஏற்றி முடித்து, போய்விட்டதா என்று பார்க்க வந்திருந்தார். இதெல்லாம் காலையில் வெளியே பெஞ்சில் இருந்தபோதே பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் சொல்லியிருந்தார். இப்போது அவர் முகத்தில் ஒரு கேள்வி. நர்ஸம்மா அவரிடம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணா, வாய் தெறக்கக் கூடாதுங்கறாங்களே, ஏனு அண்ணா?" என்றார் மெதுவாக.

கேட்டிருக்கக் கூடாது.

எனக்குள் இருந்த டிரெயினர் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அதாவதுங்க" என்று ஆரம்பித்தேன். "உங்க தோட்டத்துல பத்து ஆளு இருக்காங்க. மத்தியானம் களி கிண்டி வக்கறீங்க. யாரு களி அதிகமா திம்பான்?"

அவர் வாயைத் திறக்கப் போனார்.

"நீங்க பேசாதீங்க. நானே சொல்றேன். எவன் குனிஞ்சு வேல செஞ்சானோ அவன்தான் திம்பான். இப்ப நமக்கு ஊசியில போட்டிருக்கறது களி. நடந்தா காலு திங்கும். மென்னா தாடை திங்கும். பேசுனா தொண்ட திங்கும். மெஷினு வந்து பாக்கும்போது, களி தின்னவன்லாம் கேன்சரு மாதிரி தெரிவான். புரியுதா?"

அவர் தலையாட்டினார். மாணவன் தலையாட்டினால் நிறுத்துகிற வாத்தியார் உண்டா? சி.டி. என்றால் என்ன என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் வித்தியாசம் சொன்னேன். அலுமினிய காஸ்டிங்குக்குப் போனேன். ஜப்பானிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் எங்கள் கேன்டீன் ரசத்தைச் சூப் என்று நினைத்து மூன்று கப் குடித்ததைச் சொன்னேன். அவர் கம்பளிக்குள் சத்தமில்லாமல் குலுங்கினார். நர்ஸம்மா எட்டிப் பார்த்து "அங்கிள்!" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். நிறுத்தவில்லை. பேசக்கூடாது என்பதன் காரணத்தை இன்னொரு உதாரணத்தோடு விளக்க ஆரம்பித்தேன்.

பயந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு வாய். அவ்வளவுதான் விஷயம்.

மெஷினில் படுத்தது கொஞ்ச நேரம்தான். கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, அடுப்பில் வைத்த காஸ்டிங் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தேன். அப்புறம் பெஞ்ச். மனைவி ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தளிக்காரரும் ரிப்போர்ட்டுக்காக அதே பெஞ்சில்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டெக்னீஷியன் வந்தான். கையில் என் சீட்டு.

"சார், தொண்டை வலி இருக்கா?"

"இல்ல."

"குரல் கம்முதா? சாப்பாடு எறங்கறதுல கஷ்டம்?"

"இல்லயே. ஏன்?"

"சும்மாதான் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெஞ்சில் தள்ளி உட்கார வேண்டும் என்பதை மறந்து அவள் என் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"தொண்டையிலயும் இருக்குதா?"

ஊசி போட்ட பிறகு நான் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான்.

அரை மணி கழித்து ஸ்கேன் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். இருட்டு அறை, பெரிய திரை. திரையில் என் உருவம், ஒரு சாம்பல் நிற ஆள். சர்க்கரை தின்ற இடம் இந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். தலைக்குள் கறுப்பு, மூத்திரப்பையில் கறுப்பு. அதெல்லாம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். வலது நெஞ்சில் ஒரு கறுப்புப் பொட்டு. அது நாங்கள் அறிந்தவன். தொண்டை நடுவில் இன்னொரு கறுப்பு, அதைவிடப் பெரியது.

இருபது வருஷம் ஃபிலிம் பார்த்த கண். இரண்டு இடம். என் டேபிளில் வந்திருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருக்க மாட்டேன். ரிஜெக்ட்.

மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, இதைப் பாத்து மட்டும் முடிவு பண்ணக்கூடாது" என்றார் டாக்டரம்மா. மவுஸைத் தட்டினார். சி.டி. படம் வந்தது, கழுத்தைக் குறுக்கே வெட்டினாற்போல. இன்னொரு தட்டு. அந்தக் கறுப்பு இப்போது ஆரஞ்சு நிறத்தில் மாறி, சி.டி. படத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தது. கறுப்பாக இருந்தபோது ஒரே குழம்பு. இப்போது பார்த்தால், தொண்டைக்குள் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன பட்டை. அந்தப் பட்டைகள் மேல் மட்டும் ஆரஞ்சு, இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. சுற்றிலும் எங்கேயும் கட்டி இல்லை, வீக்கம் இல்லை.

"கேன்சர் இவ்வளவு ஒழுங்கா ரெண்டு பக்கமும் சமமா உக்காராது. இது குரலுக்கான சதை. வேலை செஞ்சிருக்கு." என் பக்கம் திரும்பினார். "ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?"

"கொஞ்சம் மேடம்."

"கொஞ்சமா?" என்றாள் மனைவி.

பின்னால் வாசலில் நர்ஸம்மா நின்றிருந்தார். "மேடம், ஒரு மணி நேரம். ரெண்டு தடவை போய்ச் சொன்னேன்."

"ஒரு மணி நேரம் என்ன பேசினீங்க?" என்றார் டாக்டரம்மா. கோபமா, ஆச்சரியமா என்று அந்த இருட்டில் தெரியவில்லை.

வேறு வழியில்லை. "ஏன் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டிருந்தேன் மேடம்."

"யாருக்கு?"

நர்ஸம்மாவின் தோளுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. தளிக்காரர். எங்களைக் கூப்பிட்ட வேகத்தைப் பார்த்துப் பயந்து பின்னாலேயே வந்திருக்கிறார். "எனக்குத்தான் மேடம். ஆனா நானு ஒரு வார்த்தை பேசலீங்க. அவருதான் பேசக்கூடாதுன்னு சொன்னாரு."

டாக்டரம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் அவருடைய படத்தையும் திறந்து பார்த்தார். தளிக்காரரின் தொண்டை கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. கழுத்துக் கட்டி இருந்த இடமும் சுத்தம் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டு அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் வகுப்பினால்தான் குணமானது என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

முன்னே இந்தச் சர்க்கரைப் படம் மட்டும் தனியாக எடுக்கும் மெஷின்தான் இருந்ததாம். அந்தக் காலமாக இருந்தால், "தொண்டையில் சந்தேகம்" என்று எழுதி, குழாய் விட்டுப் பார்த்து, துண்டு எடுத்து, இரண்டு வாரம் எங்களை உலுக்கி எடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்ததால்தான் இப்போதே சொல்ல முடிகிறது என்றார் டாக்டரம்மா. இருந்தாலும் ஒரு திருப்திக்காகக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். அவர் ஒரு சின்ன கேமராவை மூக்கு வழியாக விட்டு, "ஒண்ணும் இல்ல. நல்லா உழைச்ச தொண்டை" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்து மனைவி, "இதுக்கு ஸ்கேன் எதுக்கு? என்னக் கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பனே" என்றாள்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா முழு உடம்பையும் பார்த்து முடித்திருந்தார். ஈரல் சுத்தம். எலும்பு சுத்தம். நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் சுத்தம். நெஞ்சில் அந்தப் பட்டாணி மட்டும்.

"ஒரே இடம்தான்" என்றார்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடுத்த மாதம் வலது நுரையீரலில் மேல் பாகத்தை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, வழியில் யாரோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி பாவனை செய்துகொண்டு மூச்சு வாங்குகிறேன். அவ்வளவுதான். எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது ஸ்கேன் எடுத்த அன்று சாயங்காலம் திரும்பி வந்த பஸ்.

அந்தக் காலத்தில் கர்நாடகா எல்லைக்குள் இருக்கும்வரை எங்கள் ஊர் சிம்முக்கு ரோமிங். அதனால் ஓசூர்க்காரர்கள் பெங்களூரிலிருந்து யாரும் அவசரம் இல்லாமல் போன் பண்ண மாட்டோம். எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளி வந்ததும் எல்லோரும் போனைக் கையில் எடுத்துவிடுவோம். எல்லை தாண்டி ஜூஜுவாடியில் நம்ம டவர் பிடித்தவுடன் பஸ் முழுவதும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கும். மனைவி பெங்களூர் சில்க் போர்டு ஸ்டாப்பிலேயே போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அண்ணனிடம் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். காலையிலிருந்து சாப்பிடாமல் காத்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"இப்பவே பேசேன், ஒரு கால்தானே" என்றேன்.

"வேணாம். நம்ம ஊர்ல போய்ப் பேசறேன்."

மேம்பால வேலையால் பஸ் ஊர்ந்தது. அவள் போனின் மூலையில் இருக்கும் டவர் பெயரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்திப்பள்ளியில் அரை மணி. பிறகு செக்போஸ்ட். பெயர் மாறியது. சுற்றிலும் போன்கள் கிணுகிணுத்தன. அவள் இரண்டு தடவை தப்பு நம்பர் அழுத்தி, மூன்றாவதில் பிடித்தாள்.

"அண்ணா! ஒரே எடந்தாண்ணா! வேற எங்கயும் இல்லியாம்!"

அவர் குரல் எனக்கே கேட்டது. "அப்ப கேன்சரு இல்லன்னுட்டாங்களா?"

"அய்யோ, இருக்குதுண்ணா. ஆனா ஒரே எடத்துல."

முன் சீட்டுக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ஏன்மா சிரிக்கற?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், கன்னமெல்லாம் நனைந்திருந்தது. போனை என்னிடம் தள்ளினாள்.

"மாப்ள" என்றார் மச்சான். "அவ என்னமோ சிரிக்கறா, என்னமோ சொல்றா. நீ நேரா சொல்லு. இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"நல்ல சேதிதான் மச்சான். வெட்டி எடுத்தர்லாமாம்."

"எப்பங்கறாங்க?"

"அடுத்த மாசம்."

"ரத்தம் வேணுமில்ல அதுக்கு? உன்னுது என்னா குரூப்பு?"

"பி பாசிட்டிவ்."

"மண்டியில மூட்ட தூக்கறவனுங்க எட்டு பேரு இருக்கறானுங்க. எவனுக்கு என்னா குரூப்புன்னு காலையிலயே செக் பண்ணச் சொல்லிர்றேன். நீ மொதல்ல எறங்கி எதாச்சும் சாப்புடு மாப்ள."